கொட்டுவது வேறு, உடைவது வேறு

ரங்கூனின் வடபகுதியிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிட்டேன். மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

இடுப்பு வரை முடி. ஜனவரியில் மச்சினர் கல்யாணத்துக்காக பார்லரில் இரண்டு தடவை பிளீச் செய்து பழுப்பு நிறம் ஏற்றிக்கொண்டார். அதிலிருந்து முடி வைக்கோல் மாதிரி சொரசொரக்கிறது, நுனி பிளக்கிறது. ஜூலையில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்டோபர் பிறந்ததும் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டத் தொடங்கியது. செப்டம்பரில்தான் கண்டிஷனர் போடப் பழகியிருந்தார் என்பதால் பழி அதன்மேல் விழுந்தது. இதுவரை நான்கு ஷாம்பூ மாற்றியாயிற்று. வீட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். வாளியின் அடியில் செம்பழுப்பாகப் படிகிறது, ஷாம்பூ நுரைப்பதில்லை, அதனால் இரண்டு பாக்கெட் ஊற்றுகிறார். நேரம் மிச்சமாகட்டும் என்று ஷாம்பூவையும் கண்டிஷனரையும் உள்ளங்கையிலேயே கலந்து தேய்க்கிறார். மாமியார் கண்டிஷனரைக் காட்டி "அந்த மெழுகைத் தூக்கிப் போடு, தயோ கின்பூனுக்கு (பர்மியச் சீயக்காய்ச் சாறு) வா" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா "ஷாம்பூவில் இருக்கிற சல்ஃபேட் புற்றுநோய் தரும்" என்கிறார். பார்லரம்மா முடியை நேராக்கும் கெரட்டின் போடச் சொல்கிறார். குழந்தை வேண்டி பீலிக்கான் முனீஸ்வரருக்கு முடி இறக்குவதாக வேண்டுதலும் இருக்கிறது. மொட்டை போட்டால் புது முடி அடர்த்தியாக வருமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. இரண்டையும் ஒரே பாட்டிலின் தலையில் கட்டியதால்தான் நான்கு ஷாம்பூ மாற்றியும் விடை கிடைக்கவில்லை. முதலில் அவற்றைப் பிரிப்போம்.

வெள்ளைத் துணியும் கறுப்புத் துணியும்

நாளைக் காலை தலை வாரும்போது சீப்போடு வருகிற முடியை எறியாமல் வையுங்கள். பழுப்பு நிறம் ஏறிய பகுதி வெள்ளைத் துணியில் தெரியும். வேர்ப்பக்கம் பார்க்கக் கறுப்பு லுங்கியை விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடியின் முனையிலும் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழே இல்லாமல், நீளமும் குட்டையாக இருந்தால் அது நடுவில் உடைந்தது. உங்கள் சீப்பில் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குமிழோடு வருபவற்றுக்கும் ஷாம்பூவுக்கும் சம்பந்தமில்லை. அவை ஜூலைக் காய்ச்சலின் கணக்கு. கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்ற அதிர்ச்சிக்குப் பின் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் தோலில் செருகியபடியே இருந்து பிறகு மொத்தமாகக் கழலும். ஜூலையோடு மூன்றைக் கூட்டினால் அக்டோபர். நடுவில் செப்டம்பரில் கண்டிஷனர் வந்து மாட்டிக்கொண்டது, பாவம்.

சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தலையில் ஏற்கெனவே கழன்று, மற்ற முடியோடு பின்னிக் கிடப்பவை கண்டிஷனர் போட்டதும் வழுக்கிக்கொண்டு மொத்தமாகக் கையோடு வரும். பார்க்கிறவருக்குக் கண்டிஷனர்தான் பிடுங்கியது போலத் தோன்றும். அது பிடுங்கவில்லை, விழுந்ததை வெளியே எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். குழந்தைக்காக முயல்பவர் என்பதால் இந்த இரண்டும் முடிக்கு மட்டுமல்லாமல் வேறு வகையிலும் உங்களுக்குத் தேவை. மருந்துக் கடையில் யார் சொன்னாலும் மினாக்ஸிடில் என்ற முடி வளர்ப்பு மருந்தை வாங்கிப் பூசாதீர்கள். கருத்தரிக்க முயலும் காலத்தில் அது வேண்டாம்.

இனி உடைகிற முடிக்கு வருவோம். ஷாம்பூவுக்கும் கண்டிஷனருக்கும் வேலை இருப்பது இங்கேதான்.

முடியின் மேல்தோல்

ஒரு நீள முடியை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும், வேர்ப்பக்கம் முன்னால். எத்தனை தடவை செய்தாலும் அப்படித்தான். முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன, எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் பிடிக்கும். மீனைத் தலைப்பக்கத்திலிருந்து தடவுவதற்கும் வாலிலிருந்து தடவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஒரு செதிலின் தடிமன் சுமார் அரை மைக்ரான். ஐந்து முதல் பத்து அடுக்கு இருக்கும். பிறந்தபடியே இருக்கும் முடியில் ஒவ்வொரு செதிலின் மேலும் ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சு புரதத்தோடு பிணைந்து நிற்கிறது. 18-மெதில் ஐகோசனாயிக் அமிலம் என்று அதற்கு நீளமான பெயர். தாமரை இலைபோலத் தண்ணீரை ஒட்டவிடாமல் வைத்திருப்பதும், சீப்பு வழுக்குவதும் அதனால்தான். பிளீச்சில் இருக்கிற காரமும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் முதலில் கொண்டுபோவது இந்தப் பூச்சைத்தான். உங்கள் தலையில் இரண்டு தடவை போயிருக்கிறது. போனது திரும்ப முளைக்காது, ஏனென்றால் வெளியே தெரிகிற முடிக்கு உயிரில்லை. முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பு வரை இருக்கிற உங்கள் முடியின் நுனி ஐந்து வயதுக்கு மேற்பட்டது. அத்தனை வருட வெயிலையும் சீப்பையும் பார்த்தது.

பூச்சு போனதோடு முடியவில்லை. பிளீச் முடியின் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அந்த இடத்தில் வலுவான அமிலத் துணுக்குகளை விட்டுவைக்கும். தண்ணீர் பட்டதும் அவை எதிர்மின்னூட்டம் ஏந்தும். நல்ல முடியின் மேற்பரப்பும், தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 3.7க்கு மேலே போனால் எதிர்மின்னூட்டம் பெறும். நாம் குளிக்கிற எந்தத் தண்ணீரும் அதற்கு மேலேதான். பிளீச் செய்த முடியில் இது பல மடங்கு. இந்த மின்னூட்டத்தை நினைவில் வையுங்கள், மிச்சக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

ஷாம்பூவில் அழுக்கெடுக்கிற மூலக்கூறு தீக்குச்சி மாதிரி. தலை தண்ணீருக்கு ஆசைப்படும், குச்சி எண்ணெய்க்கு ஆசைப்படும். குச்சிகள் எண்ணெய்ப் பிசுக்கில் குத்தி நின்று, அதை உருண்டையாகச் சூழ்ந்து, தண்ணீரோடு கிளப்பிக்கொண்டு போகும். சோடியம் லாரெத் சல்ஃபேட் போன்றவற்றின் தலை எதிர்மின்னூட்டம் கொண்டது. முடியும் அதே. அதனால் ஒன்றையொன்று தள்ளும், அலசினால் சட்டென்று போய்விடும். நன்மைதான். ஆனால் அது போன பிறகு மொட்டையாக நிற்கிற முடிகளும் ஒன்றையொன்று தள்ளும், செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போடும். பாலியெஸ்டர் துணியைக் கழற்றும்போது முடி எழுந்து பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் சொந்தக்காரன் இது.

கண்டிஷனரில் வேலை செய்வது நேர்மின்னூட்டம் உள்ளவை. புட்டியின் பின்னால் பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு என்று பார்ப்பீர்கள். எதிரும் நேரும் ஈர்க்கும் அல்லவா? அவை முடியில் போய் ஒட்டிக்கொண்டு, எண்ணெய் வாலை வெளியே நீட்டி நிற்கும். எங்கே சேதம் அதிகமோ, அங்கே எதிர்மின்னூட்டம் அதிகம், அங்கேதான் அதிகம் ஒட்டும். புண் எங்கே என்று தானே தேடிப்போய் உட்காரும் மருந்து வேறெங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை. கூடவே செட்டில் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள் இருக்கும். பெயரைப் பார்த்துச் சாராயம் என்று பயப்படாதீர்கள், அவை மெழுகுக் கட்டிகள். ஆக, உங்கள் மாமியார் மெழுகு என்று சொன்னதில் பாதி உண்மை. உங்களிடம் பறிபோன பூச்சுக்குப் பதிலாக அடுத்த குளியல் வரைக்கும் தாங்குகிற தற்காலிகப் பூச்சு அது.

இப்போது உள்ளங்கைக் கலவைக்கு வாருங்கள். நேரும் எதிரும் கையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டால் முடியில் ஒட்ட எது மிச்சம்? அழுக்கும் சரியாகப் போகாது, பூச்சும் சரியாக விழாது, பிசுபிசுப்புதான் கிடைக்கும். ஒன்றிலேயே இரண்டும் என்று விற்கிற ஷாம்பூவில் மட்டும் எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். அதில் இருப்பது இந்தச் சின்ன மூலக்கூறு அல்ல, பாலிகுவாட்டர்னியம்-10 போன்ற நேர்மின்னூட்டமுள்ள நீளச் சங்கிலி. புட்டிக்குள் ஷாம்பூவோடு கரைந்து கிடக்கும், அலசும்போது தண்ணீர் கூடியதும் திரிந்து பிரிந்து முடியில் படியும். அதற்கென்று அளவு பார்த்துச் செய்வது, உள்ளங்கையில் வராது.

கண்டிஷனரில் இருக்கிற சிலிக்கோன் முடியை மூச்சுத் திணறவைக்கும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முடி மூச்சு விடுவதில்லை. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் செதில் மேல் மெல்லிய படலமாகப் பரவி உராய்வைக் குறைக்கிறது. மிக மென்மையான ஷாம்பூ மட்டுமே போடுகிறவர்களுக்குச் சில வாரத்தில் பாரமாகத் தோன்றலாம், வழக்கமான ஷாம்பூவால் ஒரு தடவை அலசினால் இறங்கிவிடும். வைட்டமின், புரதம் என்று எழுதியிருப்பதும் இதே கணக்கு: மேலே படியும், ஈரம் பிடிக்கும், வேருக்குச் சாப்பாடாகாது. பிளந்த நுனியை எதுவும் நிரந்தரமாக ஒட்டாது. அதற்குக் கத்தரிக்கோல்தான்.

சல்ஃபேட் புற்றுநோய் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. லாரெத் செய்யும் ஆலையில் 1,4-டையாக்ஸேன் என்ற துணைப்பொருள் மிகச் சிறிய அளவில் உண்டாகும், அதை நீக்கும் முறை உண்டு; வதந்தி அங்கிருந்துதான் கிளம்பியது. லாரில் சல்ஃபேட் சிலருக்குத் தோலை எரிக்கும் என்பது வேறு விஷயம், அது உண்மை. தலை அரிப்பு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

கிணற்றுத் தண்ணீர்

வாளியில் செம்பழுப்புப் படிவு என்றால் இரும்பு. நுரை வராததற்கு ஒரு காரணம் கால்சியம் மிகுந்த கடினத் தண்ணீர், இன்னொன்று தலையிலுள்ள எண்ணெய். எண்ணெய் நுரையைக் கொல்லும். முதல் கையில் நுரைக்காமல் இரண்டாவது கையில் பொங்குவது அதனால்தான். நுரைக்கும் சுத்தத்துக்கும் நேர்க்கணக்கு கிடையாது. ஒரு பாக்கெட்டைக் குவளைத் தண்ணீரில் கரைத்து உச்சந்தலையில் மட்டும் ஊற்றித் தேயுங்கள், வழிகிற நுரையே நீள முடிக்குப் போதும். ஷாம்பூ தீர்ந்த நாளில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சோப்பு காரம், பிஎச் 9க்கு மேலே. கடினத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து தயிர் திரிவது மாதிரித் திரிந்து முடியில் ஒட்டும். உங்கள் வைக்கோலில் பாதி இந்தத் திரிசலாக இருக்கலாம்.

ரங்கூனில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதைவிட மென்மையான தண்ணீரைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. மழைக்காலத்தில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்து, கடைசி அலசலை அதில் செய்யுங்கள். மூடி முக்கியம், டெங்குக் கொசுவுக்கு இன்னொரு தொட்டில் கட்ட வேண்டாம். இன்னொன்று: முடியில் ஏறிய இரும்பும் செம்பும் அடுத்த தடவை பிளீச் போடும்போது பெராக்ஸைடைக் கண்டபடி வெடிக்கவைத்துச் சேதத்தைக் கூட்டும். இனி சாயம் என்றால் முதல் நாள் உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஈடிடிஏ சேர்ந்த ஷாம்பூவால் அலசிவிட்டுப் போங்கள். போகாமலிருந்தால் இன்னும் நல்லது.

மாமியார் சொல்வது

ரங்கூனின் தெயின்ஜி சே சந்தையில் மூட்டை மூட்டையாக விற்கும் கின்பூன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். ஊரில் பாட்டி அரைத்ததும் இங்கே பர்மியப் பெண்கள் திஞ்சான் புத்தாண்டுக்குத் தலை முழுகக் காய்ச்சுவதும் ஒரே காய். அதோடு தயோ மரப்பட்டையைத் தட்டி ஊறவைத்தால் வழவழவென்று கோழை மாதிரி இறங்கும். சீயக்காயில் இருக்கும் சப்போனின் அழுக்கெடுக்கும், பட்டையின் வழவழப்பு செதில்மேல் படிந்து சிக்கெடுக்கும். நம் ஆட்கள் சீயக்காயோடு செம்பருத்தி இலையை அரைத்துப் போட்டதும் இதே யோசனை. ஷாம்பூவும் கண்டிஷனரும் என்ற ஏற்பாட்டைப் புட்டி வருவதற்கு முன்பே இரண்டு ஊர்ப் பெண்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆகவே மாமியாரோடு சண்டை வேண்டாம். கெமிக்கல் இல்லாதது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சப்போனினும் அதே தீக்குச்சி வேலையைச் செய்கிற வேதிப்பொருள்தான், மரம் செய்தது. சீயக்காய்ச் சாறு அமிலப் பக்கம் சாய்ந்தது என்பதால் சோப்பைவிட ஆயிரம் மடங்கு மேல். தூளாகத் தேய்த்தால் மட்டும் உங்கள் பிளீச் முடியை அது உப்புத்தாள் மாதிரி அராவும். காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டிய சாறு போதும். இன்னொரு எச்சரிக்கை: பையில் கட்டி விற்பதில் எலுமிச்சை பிழிந்திருப்பார்கள். எலுமிச்சைச் சாறு தோலில் பட்டு வெயிலில் நின்றால் நெருப்புப் பட்டது போலக் கொப்பளிக்கும், பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கழுத்தையும் நெற்றியையும் நன்றாக அலசிவிட்டுத்தான் முற்றத்துக்குப் போய்த் தலை காயவைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எண்ணெயை விடாதீர்கள். தேங்காயெண்ணெய் முடிக்குள் இறங்கும். குளிக்கும் முன் தேய்த்தால் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் ஓர் இந்திய ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்து ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஈர முடி தண்ணீரை உறிஞ்சிப் பருத்து நொய்ந்திருக்கும். எண்ணெய் உள்ளே இருந்தால் அந்த ஊறல் குறையும். ராத்திரி முழுக்க வைத்துத் தலையணையைக் கெடுக்க வேண்டியதில்லை, ஓரிரு மணி நேரம் போதும்.

கெரட்டின் வேண்டாம்

பெயரில்தான் கெரட்டின். உண்மையில் முடியை நேராக நிறுத்துவது ஃபார்மால்டிஹைடு, அல்லது அதன் வேலையைச் செய்யும் ஓர் அமிலம், மேலே 200 டிகிரி இஸ்திரி. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் முதல் பிரிவில் வைத்த பொருள். "அது இல்லாதது" என்று விற்பவற்றில் பெரும்பாலும் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும்; அதைப் பூசிக்கொண்ட சில பெண்களுக்குத் திடீரென்று சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை இஸ்ரேல், பிரான்ஸ் மருத்துவர்கள் 2023, 2024இல் எழுதினார்கள். எண்ணிக்கை சிறிது. ஆனால் டெங்குவிலிருந்து எழுந்து, குழந்தைக்கும் முயல்கிற ஒருவருக்கு அந்தச் சிறிதும் எதற்கு?

பார்லரம்மா வற்புறுத்தினால் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உபயோகமுறையும் எச்சரிக்கையும் பர்மிய மொழியில் இருக்க வேண்டும். தாய்லாந்து எழுத்து மட்டுமே இருக்கிற, வேறு டப்பாவுக்கு மாற்றி ஊற்றின எதையும் தலையில் வைக்க விடாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை, அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனிமேல் குளிக்கும் முறை இப்படி இருக்கட்டும்: வாரம் இரண்டு மூன்று தடவை. ஷாம்பூ உச்சந்தலைக்கு, நன்றாக அலசல், தண்ணீரைப் பிழிந்து வடித்தல். பிறகு கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, அது தலையில் இருக்கும்போதே பல்லகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து, அப்புறம் அலசல். துண்டால் முறுக்கி அடிக்க வேண்டாம், ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட வேண்டாம். நுனியில் நான்கு விரற்கடை வெட்டிவிடுங்கள்.

வேண்டுதலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அது உங்களுக்கும் முனீஸ்வரருக்கும். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகாது. வேர் தோலுக்கடியில் இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதில்லை. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவினால் தடித்தது போலத் தோன்றும். உங்கள் விஷயத்தில் ஒரு லாபம் உண்டு: பிளீச் பட்ட முடி முழுவதும் போய், பூச்சு கெடாத புது முடி வரும். அது முடிக்கான லாபமே தவிர உதிர்வுக்கு மருந்தல்ல.

மார்ச்சுக்குப் பிறகும் குமிழோடு முடி இதே அளவு வந்தாலோ, வகிடு அகன்றாலோ, காசளவு வட்டமாக எங்காவது வழுக்கை தெரிந்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டும், இப்போது போடுகிற ஷாம்பூவின் காலிப் பாக்கெட்டும், ஒரு நாள் சீப்பில் வந்த முடியும் கையில் இருக்கட்டும். அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம்.